மீன்முள்ளும் குடையும்
1993ஐச் செம்பட்டியிலிருந்து வாசித்தல்

இந்தியத் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுபவர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்திற்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். அதுவரை அரசு வானத்தைப் பூட்டி வைத்திருந்தது, செயற்கைக்கோள் வந்தது, பூட்டு உடைந்தது, பார்வையாளன் விடுதலையானான். நம் இடதுசாரி நண்பர்கள் இதே கதையைத் திருப்பிப்போட்டுச் சொல்வார்கள்: அதுவரை பொதுவில் இருந்தது, பிறகு சந்தை வந்து அள்ளிக்கொண்டு போனது. இரண்டு கதையாடல்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். 'அதுவரை' என்ற அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்ற கேள்வி இரண்டிலும் கிடையாது. அதைக் கேட்பதற்கு டெல்லியையும் சென்னையையும்விடச் செம்பட்டி தோதான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பது மட்டும் காரணமில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையும், நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒட்டன்சத்திரம், பழனி போகிற சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் செம்பட்டி. தைப்பூசத்துக்கு மதுரைப் பக்கமிருந்து நடக்கிற கூட்டம் இதைத் தாண்டிப் போகும். மேற்கே பார்த்தால் மலை. அந்த மலைமேல் கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் படம் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியிருந்தாலும் அது எங்களுக்குச் சேதியாக மட்டுமே இருந்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் உயரமாகக் கம்பம் நட்டு இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கோபுரம் வந்தபின் ஓட்டு வீடானாலும் மச்சு வீடானாலும் மீன்முள் மாதிரி ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரே திசையில், மலையைப் பார்த்தபடி நின்றன. காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். ஒருவர் கூரைமேல் ஏறுவார். "இப்பத் தெரியுதா?" "இல்லண்ணே, புள்ளி புள்ளியா வருது." "இப்ப?" "ஆங், ஆங், விட்டுருங்க, அசைக்காதீங்க."

ஆனால் வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து டிவி. செம்பட்டிக்குப் பக்கத்தில் நான் வளர்ந்த ஊரில் (பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தும்) அதற்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு இரும்புக் கதவு, பெட்டிக்கு ஒரு மரப்பெட்டி, மரப்பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி ஊருக்குள் ஒரு வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். அரசு ஆவணங்களில் இதற்குப் பெயர் சமுதாயத் தொலைக்காட்சி. அந்தச் சமுதாயம் எப்படி உட்கார்ந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன், அதில் உட்கார்ந்தும் இருக்கிறேன். அறைக்குள் நாங்கள். வாசற்படிக்கு வெளியே, மண்ணில், காலனிக்காரர்கள். மழை வந்தால் நாங்கள் கதவோரம் நெருக்கி உட்காருவோம். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். யாரும் யாரையும் போகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை என்பதுதான் விஷயம். 1987, 88இல் ஞாயிறு காலையில் இராமாயணம் ஓடியபோதும் இதே ஏற்பாடுதான். ஒரே நேரத்தில் ஒரே செய்தித்தாளைப் படிக்கிறவர்கள் தங்களை ஒரு தேசமாகக் கற்பிதம் செய்துகொள்கிறார்கள் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் எழுதினார். ஒரே நேரத்தில் ஒரே பெட்டியைப் பார்த்தும், ஒரு வாசற்படிக்கு இப்பாலும் அப்பாலும் இருந்தவர்கள் எதைக் கற்பிதம் செய்துகொண்டார்கள் என்று அவரிடம் கேட்கலாம்.

இந்தப் பின்னணியோடு 1993க்கு வருவோம்.

அதற்கு முன்பே ஸ்டார் வந்துவிட்டது (1991), ஜீ வந்துவிட்டது (1992 அக்டோபர்). ஆனால் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது 1993இல்தான். ஜனவரியில் நான்கு பெருநகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளைச் செயற்கைக்கோள் வழி இணைத்து 'மெட்ரோ' என்றாக்கியது தூர்தர்ஷன். ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில், சன் டிவி. ஜூலையில் ஸ்டாரின் 63.6 சதவீதப் பங்கை 52.5 கோடி டாலர் கொடுத்து ரூபர்ட் மர்டாக் வாங்கினார். அதே மாதம் இன்சாட் 2பி ஏவப்பட்டது. ஆகஸ்ட் 15இல் தூர்தர்ஷன் ஐந்து செயற்கைக்கோள் அலைவரிசைகளை ஒரேயடியாக அறிவித்தது. ஆகஸ்ட் 30இல் மலையாளத்தில் ஏஷியாநெட். செப்டம்பரில் லண்டனில் பேசிய மர்டாக், புதிய தொலைத்தொடர்பு சர்வாதிகார ஆட்சிகளுக்கு அச்சுறுத்தல் என்றார். அடுத்த மாதமே சீனா தனியார் வீடுகளில் குடை ஆன்டெனாவுக்குத் தடை போட்டது. (பிறகு அதே மர்டாக் சீனாவைச் சமாதானப்படுத்த ஸ்டாரிலிருந்து பி.பி.சி.யை எடுத்தார் என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தப் பேச்சின் அர்த்தம் முழுமையாகும்.)

இவற்றில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது சன். 'பூமாலை' என்ற வீடியோ இதழை நடத்திவந்த கலாநிதி மாறன் தொடங்கியது; நாளுக்குச் சில மணி நேரம் மட்டும். இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பத் தனியாருக்கு அன்று அனுமதி கிடையாது, அது தொண்ணூறுகளின் கடைசியில்தான் கிடைத்தது. ஆகவே தனியார் அலைவரிசைகளின் நாடாக்கள் விமானமேறி வெளிநாடு போய் அங்கிருந்து வானத்துக்குப் போய்த் திரும்ப நம் ஊரில் இறங்கின. சட்டம் தரையைக் காவல் காத்தது; படம் மேலேயிருந்து விழுந்தது. அதைப் பிடிக்கத்தான் குடை. மீன்முள் மலையைப் பார்த்தது, குடை வானத்தைப் பார்த்தது. டெல்லியும் சென்னையும் கொடைக்கானல் வழியாகத்தான் வரவேண்டும் என்ற அந்த ஒற்றைத் திசை ஒரே ஆண்டில் பழசாகிவிட்டது.

சன் டிவியை வெறும் வணிகம் என்று ஒதுக்குவது எளிது. நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் இரவானால் டெல்லி வந்து இந்தியில் பேசத் தொடங்கும், தமிழ் வயலுக்கும் வாழ்வுக்கும் மட்டும் என்றிருந்த ஒரு ஏற்பாட்டில், தமிழ் முழுநேரமும் பேசத் தகுந்த மொழி என்பதை அரசு காட்டவில்லை, சந்தை காட்டியது. இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. மொழிக்காக உயிர்கொடுத்த மாநிலத்தில் மொழியின் வானத்தைத் திறந்துவைத்தது விளம்பரக் கட்டணம். தூர்தர்ஷனின் பதிலில்கூட இது தெரியும்: மெட்ரோவில் இந்தித் தொடர்களைத் தமிழில் ஒலிமாற்றிப் போட்டார்கள். உதட்டசைவுக்காக வினைச்சொல் நடுவில் வந்து உட்கார, 'ஜுனூன் தமிழ்' என்று ஒரு கேலிமொழியே பிறந்தது. செம்பட்டி டீக்கடையில், "நான் குடிக்கப்போகிறேன் டீ, நீ கொடுக்கப்போகிறாய் காசு" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மையத்தின் வாக்கிய அமைப்பு விளிம்பின் வாயில் நுழையும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைக் கோட்பாட்டு நூல்களில் நான் பார்க்கவில்லை.

அரசியலும் உண்டு. 1991 தேர்தலில் இரண்டே இடங்களில் வென்றிருந்த தி.மு.க.வின் தலைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவரின் நிறுவனம் அது. அரசு வானொலியும் அரசுத் தொலைக்காட்சியும் காட்டாததைக் காட்ட ஒரு திரை கிடைத்தது. பிறகு ஜெயா (1999), மக்கள் (2006), கலைஞர் (2007), கேப்டன் (2010) என்று கட்சிக்கொரு திரை வந்ததை நாம் அறிவோம். ஒரு பூட்டுக்குப் பதில் ஆறு பூட்டு.

அந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி என்று நான் கருதுவது இவற்றில் எதுவுமில்லை. நவம்பரில் நடந்த ஹீரோ கோப்பை கிரிக்கெட். வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் முறுக்கிக்கொண்டது. அனுமதி தொங்கியது, நிறுவனம் கொண்டுவந்த கருவிகளைப் பம்பாயில் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் இடைக்கால உத்தரவு வந்தது. நவம்பர் 24 இரவு ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் ஆறு ரன் தேவைப்பட, டெண்டுல்கர் பந்து வீசி மூன்றே ரன் கொடுத்ததை மக்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்தப் படம் எந்தச் சட்டத்தின் ஓட்டை வழியாக வந்தது என்பதைப் பேசுவதில்லை. அரசு தன் தனியுரிமைக்கு ஆதாரமாகக் காட்டியது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்கு எழுதியது, நூற்றெட்டு ஆண்டு கழித்து டெண்டுல்கரின் பந்துக்குப் பொருந்துமா என்பதுதான் வழக்கு.

தீர்ப்பு 1995 பிப்ரவரி 9இல் வந்தது. காற்றலைகள் பொதுச்சொத்து என்றது. அரசுக்கும் தனியுரிமை இல்லை; அதற்காகக் காசுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை என்றது. சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் நலன்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் சுயேச்சையான பொது அமைப்பு ஒன்றை உடனே ஏற்படுத்தி, அலைகளை அதன் கட்டுப்பாட்டில் விடுமாறு மத்திய அரசுக்குச் சொன்னது. நான் மேலே சொன்ன இரண்டு கதைகளிலும் இல்லாத மூன்றாவது சொல் இங்கே முதல்முறையாகச் சட்டத்தின் மொழியில் வருகிறது: எல்லாப் பிரிவினர்.

எங்கள் பக்கம் அந்தப் பிரிவினர் என்ன ஆனார்கள்? இங்கேதான் குடையிலிருந்து கம்பிக்கு இறங்க வேண்டும். குடை ஒன்று, அதிலிருந்து வேப்பமரம், மின்கம்பம், மாடிக் கைப்பிடி என்று கட்டிக் கட்டிக் கறுப்பு வயர் போகும். கேபிள்காரர் உள்ளூர் ஆள். நேற்றுவரை வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். மாதம் ஐம்பது அறுபது ரூபாய். தந்திச் சட்டத்தின் பாதுகாவலர்கள் டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வீடு உண்மையான ஒளிபரப்பை நடத்தியவர் இவர். 1994 செப்டம்பரில் அவசரச் சட்டமும் 1995இல் நாடாளுமன்றச் சட்டமும் வந்து, அவர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாகியது. மர்டாக்கின் சாம்ராஜ்யம் கடைசியில் தபாலாபீஸ் படிவத்தில் வந்து நின்றது எனக்குப் பிடித்த காட்சி.

வயர் முதலில் மெயின் ரோடு, பிறகு ஊர்த்தெரு என்று போனது. காலனிக்குப் போகவில்லை. "அங்க ஆளு கம்மி தம்பி, வயர்க்காசுகூடத் தேறாது" என்றார் கேபிள்காரர். அது பொய்யுமில்லை. சாதி, தன்னைச் சாதி என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லாத இடம் கணக்குநோட்டு. ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் காலனிப் பையன்களே காசு போட்டு வயர் வாங்கி, கடைசி ஊர்வீட்டுக் கம்பத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பஞ்சாயத்து டிவி அறைக்கு யாரும் போகவில்லை. நாங்களும்தான்.

கூட்டாகப் பார்த்த காலம் போய்விட்டது, ஒவ்வொருவரும் தனித்தனி நுகர்வோராகிவிட்டோம் என்று நம் பத்திரிகைகளில் அப்போது எழுதப்பட்ட கட்டுரைகள் நினைவிருக்கிறதா? பார்வையாளன்தான் விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு என்று டல்லஸ் ஸ்மித் 1977இலேயே எழுதியதை எடுத்துக்காட்டி நானும் ஒன்று எழுதினேன். அதை வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் பல வருஷம் கழித்துச் சொல்லிப் பார்த்தேன். (அக்கா என்று இப்போது எழுதுகிறேன். அன்று, என்னைவிட இருபது வயது மூத்தவரை, பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.) அவர் கேட்டுவிட்டு, "விக்கிறான்னா வித்துட்டுப் போறான் தம்பி. எங்க வீட்டுப் பொட்டி முன்னால நாங்க கால நீட்டி உக்காந்து பாக்குறோம்ல" என்றார். ஸ்மித் சொன்னது தப்பில்லை. ஆனால் சரக்காவதற்கு முன்னால் அவர் என்னவாக வைக்கப்பட்டிருந்தார் என்பது அந்தக் கோட்பாட்டில் இல்லை. என் கட்டுரையிலும் இல்லை. நான் இழந்துவிட்டதாக வருந்திய பொதுவெளி, அவர் தப்பித்து வந்த இடம்.

இதனால் சந்தை சாதியை ஒழித்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது. திரைக்குள் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டியில் வந்த குடும்பங்களின் வீடும் நகையும் பேச்சும் யாருடையவை என்று பார்த்தாலே போதும். 2006க்குப் பிறகு தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல் வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்தது. பெட்டியும் கம்பியும் எல்லாருக்கும் என்ற அளவில் பிரிவினைகள் குறைந்தன. உச்சநீதிமன்றம் கேட்டது பெட்டியும் கம்பியும் இல்லை. அலைகளை ஆள்வதில் பங்கு.

அந்த அமைப்பு வரவில்லை. 1990இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1993 முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்து 1997இல் நடைமுறைக்கு வந்தது; அது தூர்தர்ஷனுக்கும் வானொலிக்கும் மட்டும். அதே 1997இல் கொண்டுவந்த ஒளிபரப்பு மசோதா காலாவதியானது. 2023 நவம்பரில் இன்னொரு வரைவு வெளியானது. அடுத்த ஆண்டு அதன் மறுவரைவு எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தாயிற்று; அனுமதி கொடுக்கிற கை இதிலும் மத்திய அரசினுடையதுதான். சென்னைத் தூர்தர்ஷன் 2000இல் பொதிகையாகி 2024இல் டி.டி. தமிழ் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது பஞ்சாயத்து டிவி அறையைப் பார்த்தேன். மரப்பெட்டி இல்லை. ஊர்த் திருவிழாச் சாமான்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலனியில் ஒரு சாவுக்கு நாற்காலி கேட்டு வந்த பையன்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று பேர் கையிலும் கைப்பேசி, ஒருவனுடையதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. சாவி எடுக்கப் போனவர் இன்னும் வரவில்லை.