மோட்டார் வண்டியின் மூக்கு

மோட்டார் வண்டி பெற்றோலை மட்டும் உண்பதன்று, காற்றையும் உண்பது. ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெற்றோல் மிகுந்தால் உயிரைக் குடிக்கும் காபனோரொட்சைட்டு பெருகும். காற்று மிகுந்தாலோ, புகைக்குழாயிலுள்ள ஊக்கி நைதரசன் ஒட்சைட்டுகளை மாற்றும் ஆற்றலை இழக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே வண்டியை நிறுத்துவது, புகைக்குழாயிற் பொருத்தப்பட்ட ஒட்சிசன் உணரி என்னும் விரலளவுக் கருவியாகும். பொஷ் என்னும் ஜெர்மன் நிறுவனம் ஆக்கிய இக்கருவி, 1976இல் சுவீடன் நாட்டு வொல்வோ வண்டியில் முதன்முதல் இடம்பெற்றது.

இதன் நுனி சேர்க்கோனியா என்னும் சுட்ட மட்பொருளாலானது. இருபுறமும் பிளாற்றினப் பூச்சுடையது. ஒருபுறத்தைப் புகையும் மறுபுறத்தை வெளிக்காற்றும் தொடும். இருபுறத்து ஒட்சிசனும் அளவில் வேறுபடுவதால் மின்னழுத்தம் பிறக்கும். பெற்றோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ற்று, காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ற்று. இதனை அறிந்து, வண்டியின் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் விடும்.

ஆயின், ஏறத்தாழ 300 பாகை செல்சியசுச் சூடு ஏறும்வரை இம்மூக்கு எதனையும் மோவாது. அதுவரை கணினி குருட்டு மதிப்பிலேயே பெற்றோல் ஊட்டும். இக்குறையைப் போக்கவே பின்னர் உள்ளே ஒரு மின்சூடாக்கி அமைக்கப்பட்டது.

சோதனை இருபகுதிப்படும். முதலாவது, சூடாக்கி. எஞ்சின் ஆறியபின் இணைப்பைக் கழற்றி, பன்மானியால் அதன் தடையை அளக்க வேண்டும். கையேடு கூறும் சில ஓம் காட்டின் நன்று. முடிவிலி காட்டின் கம்பி அறுந்தது. பற்றறியின் 12 வோல்ற்று அங்கு வருகிறதா என்பதையும் காண்க.

இரண்டாவது, உணரி. இணைப்பை மீண்டும் பூட்டி, எஞ்சின் சூடேறியபின் மின்னழுத்தத்தை நோக்குக. அது இடையறாது ஏறியும் இறங்கியும் ஆடுதல் வேண்டும். ஒரே தாழ்நிலையில் நின்றால் உடனே உணரியைப் பழிப்பது தவறு. உணரிக்கு முன்னே குழாய் வெடித்துக் காற்றுப் புகுந்திருக்கலாம்; எரிபொருள் உண்மையாகவே குறைந்துமிருக்கலாம். பயிற்சி பெற்ற திருத்துநர் காற்று வழியிற் சிறிது புறோப்பேன் வாயுவைச் செலுத்துவார். அப்போது 0.8 வோல்ற்றுக்கு மேல் விரைந்து ஏறினால் உணரி உயிருடனேயே உளது, நோய் பிறிதோரிடத்தில்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் உணரியை மாற்றுவோர் பலர். பணம் செலவாகும், விளக்கோ மீண்டும் எரியும். நச்சுப்புகை வீதியிற் செல்லும் பிள்ளைகளின் மார்பிற் புகும். செய்தி கொணர்ந்தவனைத் தண்டிக்குமுன், செய்தி மெய்யோ என ஆராய்தலே அறிவுடைமை.