மல்லர் வீட்டு அடுக்களை

சண்டைக் காட்சி பார்க்கவென்றே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்த நாம், சமையற் பாடம் ஒன்று கேட்டு எழுந்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுவே. யப்பானியரின் சுமோ மற்போரைக் காட்டத் தொடங்கிய நிகழ்ச்சி, மல்லர் கூடி வாழும் பயிற்சி இல்லம் ஒன்றினுள் நுழைந்து, நேரே அடுக்களைக்குச் சென்றுவிட்டது.

முதலிற் போரைப்பற்றி இரண்டொரு வார்த்தை. களம் 4.55 மீற்றர் குறுக்களவுள்ள மண்மேடை வட்டம். அதனுள் உள்ளங்காலன்றி உடலின் வேறெந்தப் பகுதி நிலத்திற் பட்டாலும் தோல்வி. விரல் நுனி பட்டாலே போதும். வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலும் தோல்விதான். பெரும்பாலான போர்கள் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. குத்துச்சண்டையிற்போல எடைப்பிரிவு இங்கில்லை. சிறியவன் தன்னிலும் இருமடங்கு பாரமானவனோடும் மோதவேண்டி வரலாம். யப்பானில் தொலைக்காட்சி தொடங்கிய 1953ஆம் ஆண்டிலேயே சுமோவும் அதில் இடம்பெற்றுவிட்டது. (நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல் என்பதை இளைய வாசகர்கள் அறிந்துகொள்க.)

இத்துணைப் பெரிய உடல் படைத்தோர் விடிந்ததும் உண்ணத் தொடங்குவார்கள் என்றே நாம் எண்ணியிருந்தோம். அன்று! காலையுணவே அவர்களுக்கு இல்லை. வெறும் வயிற்றோடு பயிற்சி, நண்பகலை அண்டிப் பேருணவு, உண்டதும் உறக்கம். அவ்வுணவின் பெயர் சாங்கோ நாபே. நாபே என்பது சட்டி. கோழி, மீன், கோவா, முள்ளங்கி, காளான், சோயாக்கட்டி யாவும் ஒரே பெருஞ் சட்டியிற் கொதிக்கின்றன. எண்ணெயிற் பொரித்த பண்டமன்று அது. பக்கத்தில் மலைபோற் சோறு.

கோழிக்கு அங்கே தனிச் சிறப்பு உண்டு. ஆடுமாடுகள் நான்கு காலையும் நிலத்தில் ஊன்றி நிற்பவை. களத்திற் கைகளையும் ஊன்றிவிட்ட மல்லனோ தோற்றவன். கோழி இரு காலில் நிற்கிறது. ஆகவே போட்டிக் காலத்திற்கு அதுவே நற்சகுனமாம். இக்காலத்தில் வேறு இறைச்சிகளும் சட்டியிற் சேர்கின்றன, நம்பிக்கையோ மறையவில்லை.

நம்மைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. சமைப்பவர்களும் மல்லர்களே. கட்டாயக் கல்வியை முடித்துப் பதினைந்து வயதில் வந்து சேரும் பையன்கள் முறைவைத்து வெங்காயம் அரிகிறார்கள், சோறு வடிக்கிறார்கள், மூத்தோர் உண்ணும்வரை பின்னே நின்று பரிமாறுகிறார்கள். மாதச் சம்பளம் மேல் இரு பிரிவுகளைச் சேர்ந்த எழுபது பேருக்கு மட்டுமே. ஏனையோர் சில நூற்றுவருக்கு உணவும் உறைவிடமும் சிறு படியுந்தான். பல்லாண்டு முயன்றும் மேற்பிரிவை எட்டாத ஒருவரே பெரும்பாலும் தலைமைச் சமையற்காரர். களத்தில் அவர் பெயரை ஒருவரும் கூவுவதில்லை. ஆனால் கூவப்படுகின்றவன் உடலில் ஏறியிருப்பது அவர் கைச்சமையல். ஓய்வுபெற்றபின் சாங்கோ உணவுச்சாலை நடத்திப் பிழைப்போர் பலர்.

ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை என்று வாதிட்டுவந்த நம் வீட்டு இளைஞன் ஒருவன் இக்காட்சியின்போது வாய் திறக்கவில்லை.

மூத்தோர் எழுந்தபின், சட்டியில் எஞ்சியதைச் சுற்றிக் கடைசிப் பையன்கள் அமர்ந்தார்கள். இறைச்சித் துண்டுகள் அநேகமாய்த் தீர்ந்திருந்தன. நாம் இரக்கப்பட்டோம். அம்மம்மாவோ, "அதுக்கேன் கவலைப்படுறியள்? எல்லாம் கரைஞ்ச அடிச்சட்டிக் குழம்புக்குத்தானே ருசி" என்றார்.