சுழலாத உருளை

பாரூர் ஏரிக்கரையில் மூங்கில் கழியும் தங்கூஸ் நரம்புமாக உட்கார்ந்திருப்பவருக்குக் கரையோர மீன்தான் எட்டும். நடு ஏரியில் துள்ளுகிற கட்லாவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவே. அந்தத் தூரத்தைக் கைக்குள் கொண்டுவந்த கருவி ஸ்பின்னிங் ரீல்.

அதற்கு முந்தைய பெரும்பாலான ரீல்களில் நரம்பு ஓட, அது சுற்றியிருக்கும் உருளையும் சேர்ந்து சுழல வேண்டும். எடை குறைந்த இரைக்கு அதைச் சுழற்றும் தெம்பு கிடையாது. ஈயம் கட்டி வீசினாலோ, ஈயம் தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை நிற்காமல் சுற்றி நரம்பைச் சிக்காக்கிவிடும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜவுளி ஆலைக்காரர் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்ற ரீலில், வீசும்போது உருளை அசைவதே இல்லை. ஆலையில் நிற்கும் கண்டின் நுனி வழியாக நூல் உருவி வருவதுபோல நரம்பு நழுவி ஓடும். எவ்வளவு அழகான யோசனை!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலான் நரம்பு பரவியதும் இந்த ரீலுக்கு நல்ல காலம் பிறந்தது. பிரான்சின் க்ளூஸ் ஊரில் உருவான மிட்செல் ரீல் உலகமெங்கும் போனது. க்ளூஸ், கடிகாரப் பாகங்கள் செய்யும் ஊர். ஓசூரின் டைட்டன் கடிகார ஆலையை அறிந்த நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கைநேர்த்தியை விளக்கவே வேண்டாம்.

மத்தூரில் என் மாமா ஒரு மிட்செல் 300 வைத்திருந்தார். கறுப்பு நிறம், முட்டை வடிவ உடம்பு. பக்கத் தகட்டைக் கழற்றினால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்பது தெரியும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் முன்னால் உள்ள கிண்ணம் பல சுற்று சுற்றும். அதிலுள்ள வளைகம்பி நரம்பைப் பிடித்து உருளைமேல் சுற்றிவிடும். உருளை முன்னும் பின்னுமாக நகர்வதால் நரம்பு சீராகப் படியும்.

உருளை சுழலும் நேரமும் ஒன்று உண்டு. பெரிய மீன் இழுக்கும்போது, நரம்பு அறுவதற்குள் பிரேக் வழுக்கி உருளை 'கிர்ர்ர்' என்று விட்டுக்கொடுக்கும். அந்த ஓசை கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். “கைய எடுடா!” என்பார் மாமா. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் முறுக்கு ஏறும். அடுத்த வீச்சிலேயே அது சிக்கலாகிவிடும்.

அந்தக் காலத்துக் கண்ணாடியிழை ராடு இன்றைய கார்பன் ராடைவிடக் கனமானது. ஆனால் மீனின் இழுப்புக்கு அடிவரை வளைந்து கொடுக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பழைய ரீல் கிடைத்தால் இறுகிவிட்டது என்று காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே கிரீஸ்தான் கெட்டியாகியிருக்கும். மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவித் துடைத்து, பல்சக்கரங்களுக்குப் புது கிரீஸும் வளைகம்பி மூட்டுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயும் போடுங்கள். பிரேக் வட்டுகளில் மட்டும் மண்ணெண்ணெய் படக்கூடாது.