தலைவர் தவறினால் தொண்டர் என்ன செய்வது? தொழுகை வரிசை சொல்லும் பதில்

ஸ்ரீ கெம்பாங்கான்: வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல்களுக்கு வெளியே சாலையோரம் கார்கள் வரிசை பிடித்து நிற்பதை நாம் பார்த்திருப்போம். உள்ளே நடக்கும் கூட்டுத் தொழுகையின் முறை, பிற சமயத்தவரில் பலருக்குத் தெரியாது. தலைவர் யார், அவரைப் பின்பற்றுபவரின் கடமை என்ன என்ற கேள்விகளுக்கு இஸ்லாம் தரும் விளக்கம் அந்த முறையிலேயே இருக்கிறது.

தொழுகையை முன்னின்று நடத்துபவர் இமாம். பின்னால் நிற்பவர்கள் மஃமூம். இமாம் குனிந்த பிறகே மற்றவர்கள் குனிய வேண்டும், அவரை முந்தக்கூடாது. சரி, இமாமே தவறினால்? நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்று தொழ வேண்டிய நேரத்தில் அவர் மறந்துபோய் ஐந்தாவதற்கு எழுந்தால், பின்னால் நிற்கும் ஆண்கள் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லி நினைவூட்டுவார்கள். பெண்கள் கைதட்டி உணர்த்துவார்கள். இமாம் திருத்திக்கொண்டு, மறதிக்காக இரண்டு முறை கூடுதலாகச் சிரம் பணிவார். சண்டையும் இல்லை, தனி வரிசையும் இல்லை. தொழுகை தொடரும்.

இமாமுக்கும் கட்டுப்பாடு உண்டு. பின்னால் முதியவர், நோயாளி, அவசர வேலை உள்ளவர் நிற்கக்கூடும் என்பதால் தொழுகையை நீட்ட வேண்டாம் என்று நபிகள் நாயகம் அறிவுறுத்தினார்.

நாயகம் 632ஆம் ஆண்டு மறைந்தபின் முதல் கலீஃபாவாகப் பொறுப்பேற்றவர் அபூபக்கர். தாம் மக்களில் மிகச் சிறந்தவர் இல்லை என்றும், நன்றாக நடந்தால் துணைநிற்கவும் தவறினால் திருத்தவும் வேண்டும் என்றும் அவர் தமது முதல் உரையிலேயே கேட்டுக்கொண்டதாக இஸ்லாமிய வரலாறு கூறுகிறது. இறைவனுக்குத் தாம் கட்டுப்படும் வரைதான் மக்கள் தமக்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் அவர் எல்லை வகுத்தார்.

அதற்காக, நினைத்தபடி மீறலாம் என்று பொருளில்லை. 625ஆம் ஆண்டு உஹுத் போரில், ஊருக்குள் இருந்தே தற்காத்துக்கொள்ளலாம் என்று நாயகம் எண்ணினார். வெளியே சென்று மோத வேண்டும் என்று பலர் வற்புறுத்தியதால் இணங்கினார். குன்றின்மேல் 50 வில்வீரர்களை நிறுத்தி, எது நடந்தாலும் நகரக்கூடாது என்று கட்டளையிட்டார். வெற்றி கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கிவிட, எதிரிகள் பின்புறமாகத் தாக்கினர். சுமார் 70 பேர் மாண்டனர். அதற்குப் பிறகும் அவர்களை மன்னித்து, அவர்களோடு கலந்தாலோசிக்கும்படியே திருக்குர்ஆன் (3:159) நாயகத்துக்குக் கூறியது.

தலைமைப் பதவியை இஸ்லாம் ‘அமானா’ என்கிறது. நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். நம் நாட்டுத் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பினாங்கில் 1801இல், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த வணிகர் காதர் முகைதீன், கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய நிலத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவினார். பின்னாளில் அறச்சொத்துகளின் நிர்வாகத்தில் குறைபாடுகள் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் வாரியம் அமைத்து அவற்றைக் கவனிக்க வேண்டியதாயிற்று. பள்ளிவாசல் சொத்துகளோடு இந்துக் கோயில் சொத்துகளும் அந்த ஏற்பாட்டின்கீழ் வந்தன.

ஆகவே இது ஒரு சமயத்தாரின் கதை மட்டுமே என்று ஒதுக்க முடியாது. தோட்டத்துக் கோயிலோ தாமான் சங்கமோ, கணக்கைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு ஒரேயடியாக இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறோம். பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்பே கணக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டியவர்கள் உறுப்பினர்கள்தான்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கையைக் கையில் வாங்கியதும் படியுங்கள். புரியாததைப் பணிவோடு கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், மறுநாள் கூட்டுப்பணிக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.