நாடி பிசகினால் நாக்கு ஏன் குழறுகிறது?

இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு, நிமிஷத்துக்கு 350 முறைக்கும் அதிகமாக வெறுமனே நடுங்கத் தொடங்கினால், நாடி பிசகுவதோடு, ரத்தம் முழுதும் வெளியேறாமல், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் தேங்கி, உறைந்து கட்டியாகிவிடக்கூடும். அக்கட்டி பெயர்ந்து, கழுத்துத் தமனி வழியே சிரசை அடைந்து, மூளையின் ரத்தக்குழாயை அடைக்கும்போது பக்கவாதம் சம்பவிக்கிறது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆராய்ச்சி இந்நடுக்கம் உள்ளவர்களுக்கு இவ்வபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்று கணித்தது.

காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவுவதும், சிரிக்கையில் வாய் ஒருபுறம் கோணுவதும், பேச்சு திடீரெனக் குழறுவதும் பக்கவாதத்தின் பிரத்தியட்ச லக்ஷணங்கள். சில நிமிஷங்களில் அவை தாமாகவே மறைந்தாலும் (நம்மவர்கள் வாயு என்று சொல்லிப் படுத்துவிடுவது இங்கேதான்!) உடனே ஆஸ்பத்திரிக்குப் போயே தீரவேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் 4½ மணி நேரத்துக்குள்தான் போடுவார்களாதலால், அறிகுறி தோன்றிய நேரத்தையே வைத்தியர் முதலில் விசாரிப்பார்.