வரி கட்டும் தேவதைகள்!

தேவதை என்றதும் வெள்ளை கவுன், முதுகில் இறக்கை, கையில் நட்சத்திரம் ஒட்டிய குச்சி என்று நினைத்தீர்களானால், அது ஸ்கூல் ஆண்டு விழா தேவதை. ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களில் வருகிற ஃபேரிகள் வேறு. கிட்டத்தட்ட மோகினி ரகம். ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் லேசில் விடமாட்டார்கள்.

பி.காம். படித்த என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சங்கதி இன்னொன்று. இந்தத் தேவதைகள் வரி கட்டுகிறார்கள்! ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை, நரகத்துக்கு. ரொக்கமெல்லாம் செல்லாது, ஒரு உயிர் வேண்டும். சொந்த ஆளைக் கொடுக்க மனசு வருமா? பிடித்து வைத்திருக்கும் மனுஷனைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். (வரி ஏய்ப்பு எல்லா லோகத்திலும் உண்டு போல!)

அப்படி மாட்டிக்கொண்டவன் டாம் லின். செல்கர்க் ஊருக்குப் பக்கத்தில் கார்ட்டர்ஹா காட்டில் அவனைச் சந்தித்து, அவன் குழந்தையைச் சுமப்பவள் ஜேனட். ஹாலோவீன் ராத்திரி தேவதைப் பட்டாளம் குதிரையில் போகும்போது, அவனைக் கீழே இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். தேவதை ராணி சும்மா இருப்பாளா? பிடித்த பிடியிலேயே அவன் பாம்பாகிறான், சிங்கமாகிறான், தீக்கங்காகிறான். ஊருக்கு ஊர் இந்தப் பட்டியல் மாறும். நிபந்தனை மட்டும் ஒன்றுதான்: கையை விடக்கூடாது. ஜேனட் விடவில்லை. கடைசியில் மனுஷனாகவே திரும்பக் கிடைக்கிறான்.

இந்தக் கதைப்பாட்டை எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸோடு ஏழு நிமிஷத்துக்கு மேல் முழங்கியது லண்டன் கோஷ்டியான ஃபேர்போர்ட் கன்வென்ஷன். ஆல்பம், 1969 டிசம்பரில் வந்த ‘லீஜ் அண்ட் லீஃப்’. பாடியவர் ஸாண்டி டென்னி.

ஜாலிக்குப் பண்ணிய ஆல்பம் இல்லை ஸார். அந்த வருஷம் மே 12 அதிகாலை, பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்-1 நெடுஞ்சாலையில் அவர்கள் வேன் உருண்டது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளும், கிடாரிஸ்ட் ரிச்சர்ட் தாம்ப்ஸனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும் போய்விட்டார்கள். லாம்பிளுக்கு வயசு 19.

கோஷ்டியைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அப்புறம் ஹாம்ப்ஷையரில் ஃபார்லி சேம்பர்லேன் என்கிற கிராமத்தில் வீடு எடுத்துக் கோடையைக் கழித்தார்கள். டேவ் மட்டாக்ஸ் புது டிரம்மர். டேவ் ஸ்வார்பிரிக் ஃபிடில். பாஸ் கிடார் ஆஷ்லி ஹட்சிங்ஸ், லண்டன் ஸெஸில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய பாட்டுகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ‘ஃபோக் ராக்’ வேரூன்றியதில் அந்த வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரெக்கார்ட் வெளிவருவதற்குள் டென்னியும் ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள். டென்னி 1978-ல், 31 வயசில், இறந்துபோனார். பி.பி.ஸி. ரேடியோ-2 நேயர்கள் 2006-ல் ஓட்டுப் போட்டு, அதிகச் செல்வாக்குள்ள ஃபோக் ஆல்பம் இதுதான் என்றார்கள்.

எனக்கு விருதைவிட வேறொன்றுதான் மனசில் நிற்கிறது. டாம் லின் பாட்டில் தாளம் இடறுவது போலவே இருக்கும், இடறாது. கிடாரும் ஃபிடிலும் மல்லுக்கட்டும். டென்னியின் குரல் மட்டும் பதற்றமே இல்லாமல் கதையைச் சொல்லிக்கொண்டே போகும். என்னவாக மாறினாலும் விடாமல் பிடித்துக்கொள் என்கிற கதை! ஆறு மாசம் முன்னால் ரோட்டில் நண்பனைப் பறிகொடுத்தவர்கள் வாசிக்கிறார்கள் என்று தெரிந்து கேட்டால், அந்த ஏழு நிமிஷமும் வேற மாதிரி கேட்கிறது.

கேட்டுப் பாருங்கள். லைட்டை அணைப்பதும் அணைக்காததும் உங்கள் தைரியம்!