பிரேக் ஒயிலும் பழுதடையும்

2016ஆம் ஆண்டில் ஒருநாள் நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வானில் பத்துப் பேர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி வந்த சாரதி திடீரென, "பெடல் கீழ போகுது" என்றார். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் முட்டி வாகனத்தை நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை. அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் வழமைபோல் பிடித்தது!

கம்பளையில் ஒரு கராஜில் காட்டினோம். ஒழுக்கு இல்லை, லைனர் தேயவில்லை. வயதான மெக்கானிக் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "கடைசியா எப்ப ஒயில் மாத்துனீங்க?" குறைந்தபோது ஊற்றியிருந்தோம், மாற்றியதே இல்லை. தவறு எம்முடையதே.

ஒயிலுக்குள் நீர்

நாம் பெடலை மிதிக்கும் விசையைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்வது குழாய்களில் நிறைந்திருக்கும் பிரேக் ஒயில். திரவம் அழுத்தத்தால் சுருங்காது என்பதே இதன் அடிப்படை. ஆனால் வழக்கமாகப் பாவிக்கப்படும் டொட் 3, டொட் 4 வகை ஒயில்கள் கிளைக்கோல் சார்ந்தவை. அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தினூடாகவும் இறப்பர்க் குழாய்களினூடாகவும் ஈரம் சிறிது சிறிதாக உட்புகுகின்றது.

உறிஞ்சாத ஒயில் நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். ஈரம் ஒயிலோடு கலக்காவிட்டால், நீர் தாழ்வான இடத்தில் துளியாகத் தேங்கி, 100 பாகையிலேயே கொதிக்கும். அவ்விடத்தைத் துருப்பிடிக்கவும் செய்யும். எனவே உறிஞ்சும் இயல்பு ஒரு பாதுகாப்பே. ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

தர நியமத்தின்படி புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் இந்த எல்லை 140 பாகை மட்டுமே. டொட் 4 ஒயிலுக்கு 230 பாகை 155 ஆகின்றது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சில்லின் அருகேயுள்ள ஒயில் மிகவும் சூடேறும். அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் தோன்றும். ஆவி சுருங்கும், ஆகவே மிதித்த விசை சில்லைச் சென்றடையாது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், தடயமே இராது. எமது வானுக்கு நடந்தது இதுவே. "இப்போது பிடிக்கின்றது" என்று பயணத்தைத் தொடர்வதைவிட ஆபத்தானது வேறில்லை.

நீர் இன்னொரு தீமையும் செய்கின்றது. சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்தால் பிஸ்டன் இறுகும். இறப்பர் வளையங்கள் கெடும். வாகனம் ஒருபக்கமாக இழுக்கும்.

ஊற்றுவது மாற்றுவதாகாது

பிரேக் ஒயில் இயந்திர ஒயில் போலச் சுற்றி ஓடுவதில்லை. தாங்கியில் புதிதாக ஊற்றினாலும் சில்லருகே இருக்கும் பழைய ஒயில் அங்கேயே கிடக்கும். அதனைச் சில்லிலுள்ள நிப்பிள் வழியாகவே வெளியேற்ற வேண்டும். கராஜ்களில் 'எயார் எடுத்தல்' என்பது இவ்வேலையே. செய்யும் முறை வருமாறு:

1. தாங்கியிலுள்ள பழைய ஒயிலை உறிஞ்சியெடுத்து, புதிய ஒயிலை நிரப்புக.

2. நிப்பிளில் தெளிந்த குழாயொன்றைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஒயிலுள்ள போத்தலில் அமிழ்த்துக.

3. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடுக. மூடிய பின்னரே பெடலை விடவேண்டும்.

4. குமிழ் நின்று, தெளிந்த ஒயில் வரும்வரை தொடர்க. இடையில் தாங்கி வற்றினால் காற்றுப் புகுந்துவிடும்; கவனம்.

எந்தச் சில்லில் தொடங்குவது, எந்த வகை ஒயில் ஊற்றுவது என்பவற்றை வாகனக் கைநூலில் பார்க்கவும். ஏபிஎஸ் உள்ள வாகனத்தைத் தெரிந்தவரிடமே கொடுங்கள். வெளியேற்றிய ஒயிலையோ, நெடுநாள் திறந்து கிடந்த தகரத்து ஒயிலையோ மீண்டும் ஊற்றாதீர்கள். இயந்திர ஒயில் ஒரு துளியும் சேரக்கூடாது. இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயில் வர்ணத்தையும் அரிக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவுங்கள்.

பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றனர். மலைப்பாதையில் பிள்ளைகளை ஏற்றும் வான்களுக்கு இதைத் தள்ளிப்போட வேண்டாம். எமது வாகனப் பதிவேட்டில் இப்போது ஒயில் மாற்றிய திகதிக்கென ஒரு நிரல் உண்டு. உங்கள் பதிவேட்டிலும் இன்றே ஒன்றைக் கீறிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கும் பழக்கத்தையும் சாரதிகளிடம் வளர்ப்போம்.